கதவுகள் மாட்டிய சுவர்

நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சுவர் முழுக்கப் பழைய கதவுகள் மாட்டியிருக்கும். செட்டிநாட்டுப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் இடித்த வீடுகளிலிருந்து வாங்கி வந்த தேக்குக் கதவுகள். பழைய பச்சையும் நீலமும் உரிந்தது உரிந்தபடி இருக்கும். ஒன்றும் திறக்காது. தங்க வருகிறவர்கள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தட்டிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சுவரைக் கட்டியது நான்தான். நான் படித்த படிப்பு எதுவும் அதில் பெரிதாகச் செலவாகவில்லை. நல்ல கொத்தனார் ஒருவர், நூல், தூக்குக்குண்டு, அவ்வளவு போதும். ஆனால் அந்த அவசரத்தில் நான் வேறெதையும் கட்டியதில்லை. சுவருக்குப் பின்னால் அப்பா படுத்திருந்தார்.

வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் புறப்பாடு போகும் தெருவில் இருக்கிறது. தெருப்பக்கம் உயரமான தூண்கள், உள்ளே இரண்டு முற்றம், மாடியில் நிறக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். கட்டியவர்களுக்குத் தென்னேரியில் நிலம் இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கிய எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவரை மாடு பார்த்துக்கொள்ள இங்கே அழைத்து வந்தார்கள். அவர் அப்பாவின் அப்பா. மாட்டுக் கொட்டகையை ஒட்டி அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அப்பா அதில் பிறந்தார். நான் அதில் வளர்ந்தேன்.

கொட்டகைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர் உண்டு. தலையில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். அதில் ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். எங்களுக்குப் பின்வாசல். அது ஒரு சந்தில் திறக்கும். பள்ளிக்கூடம், கடை, சர்ச், கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் அந்தச் சந்துதான் வழி. வீட்டுக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போய் வீடு பல வருடம் பூட்டிக்கிடந்தது. செடிக்குத் தண்ணீர் விடுவது, மோட்டார் பார்ப்பது, தேங்காய் இறக்குவது எல்லாம் அப்பா. அத்தனை வருடம் வீட்டைக் காத்தவர் அதன் முன்கூடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முன்வாசல் சாவி கணக்குப்பிள்ளையிடம் இருந்தது.

பேரன் ஒருவர் திரும்பி வந்து வீட்டை ஹோட்டலாக்க முடிவு செய்தபோது நான் ஒரகடத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தேன். அதை விட்டுவிட்டு இங்கே சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். பெரிய விடுதி அல்ல. கொஞ்சம் அறைகள், அறைக்கு ஓர் ஓவியரின் படங்கள். முற்றத்தில் வெண்கலச் சிற்பம், கூடத்தில் ஒரு சுவரையே மூடும் ஓவியம், கிணற்றுக்கு மேல் கண்ணாடி மூடி. எந்தப் படம் எங்கே என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வருவார். நாங்கள் அவரை ஆர்ட் மேடம் என்போம். ஆணி அடிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் என்னிடம் வந்து, இங்கே சுண்ணாம்புக் காரை தாங்குமா என்று கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

தோட்டத்துச் சுவரை இடிக்க வேண்டும் என்றது கட்டட வடிவமைப்பாளர். கொட்டகை இருந்த இடம்வரை ஒரே தோட்டமாக இருந்தால் பார்க்க விசாலமாக இருக்கும் என்றார். எங்கள் அறையைப் பணியாளர் குடியிருப்பு என்று வரைபடத்தில் போட்டு அப்படியே விட்டார்கள். பொக்லைன் வந்த அன்று அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். சுவர் சரிந்து புழுதி அடங்கியதும் எங்கேயோ போய் லட்டு வாங்கி வந்து வேலையாட்கள் எல்லோருக்கும் கொடுத்தார். பொக்லைன் ஓட்டியவருக்கு இரண்டு. எதுக்குப்பா என்று அவர் கேட்டதற்கு, பொண்ணு வேலையில சேந்ததுக்கு என்று அப்பா சொன்னார். நான் சேர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சுவர் இருந்த கோட்டின் மேலேயே போட்டு உட்காருவார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சரியாக நடுவில்.

பின்வாசலையும் அப்போதுதான் அடைத்தார்கள். ஹோட்டலுக்கு ஒரே வாசல், ஒரே கேமரா என்பது ஏற்பாடு. கதவைக் கழற்றி, செங்கல் வைத்துப் பூசி, அந்த நீளச் சுவர் முழுக்க ஆர்ட் மேடம் தன் கதவுகளை மாட்டினார். அப்பாவுக்கு வருத்தமில்லை. "முன்வாசல் வழியா வந்து போற ஆளாயிட்டேன். பின்வாசல் இன்னாத்துக்கு?" என்றார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கூடத்து வழியாகப் போவார். போகும்போது ஓவியத்துக்கு முன்னால் நின்று, இது தலையா காலா என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் தினமும் கேட்பார். அவளும் தினமும் வேறு பதில் சொல்வாள்.

பிறகு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் கேட்பதைக் கொடுங்கள் என்றார். கேட்பது என்று அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. தன் கட்டிலில் படுக்க வேண்டும் என்றார். முன்வாசல் வழியாக ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கட்டிலில் விட்டோம். வைகாசி பிறக்கப் போகிற சமயம்.

வைகாசி என்றால் பெருமாளுக்குப் பெரிய உற்சவம். காலையும் மாலையும் ஏதாவதொரு வாகனத்தில் எங்கள் தெரு வழியாகப் போவார். இந்த வீட்டுக்குத் தலைமுறையாக ஒரு பாத்தியதை உண்டு. வாசலில் பெருமாள் நிற்பார். வீட்டு மரியாதையை ஏற்றுக்கொண்டு நகர்வார். ஹோட்டலுக்கு அறை பதிவு செய்தவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் பதிவு செய்திருந்தார்கள். ஹோட்டல் திறந்த பிறகு வரும் முதல் உற்சவம்.

தெருவுக்கு ஒரு வழக்கமும் உண்டு. புறப்பாட்டுத் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை பெருமாள் அந்தத் தெருவுக்கு வரமாட்டார். கோயிலிலேயே காத்திருப்பார். பந்தலும் மேளமும் கூட்டமும் எல்லாம் நிற்கும். இங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உற்சவம் நெருங்கினால் தெருவில் இழுத்துக்கொண்டிருக்கிறவர்களை வேறு ஊருக்குப் பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. யாரும் அதைத் தப்பாகப் பேசுவதில்லை.

மேனேஜர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சென்னைக்காரர், நல்ல மனிதர். அப்பாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சமையலறையில் சொல்லிவைத்தவர் அவர்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அப்பா நல்லா இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கறேன். ஆனா தெருவுல இருந்து ரெண்டு பேரு வந்து கேட்டுட்டாங்க. உற்சவம் முடியற வரைக்கும் மட்டும். வண்டி நான் ஏற்பாடு பண்றேன்."

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடி ஏறிப்போய் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் இடம் தேடினேன். மதிய இடைவேளையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பெரிய காஞ்சிபுரம், ஓரிக்கை, பிள்ளையார்பாளையம். தரைத்தளம், கட்டில் போட இடம், பக்கத்தில் கழிப்பறை, ஆட்டோ வாசல்வரை வரவேண்டும் என்று மனதில் ஒரு வரிசை வைத்திருந்தேன். நாலும் பொருந்திய அறை ஒன்று பிள்ளையார்பாளையத்தில் கிடைத்தது. உள்ளே தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா பாவுக்குச் சாயம் போட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாருக்கு என்று கேட்டார். அப்பா அம்மாவுக்கு என்றேன். வயசானவங்கதானே, நல்லது, சத்தமிருக்காது என்று மகிழ்ந்தார்.

"எத்தனை மாசத்துக்கும்மா?" என்றார்.

ஆறு மாசம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தறி ஓடியது. பிறகு, வேணாம்மா, பிள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்குது என்று மெதுவாகச் சொல்லி, நான் வண்டியை எடுக்கும்வரை வாசலில் நின்றார். சாகப் போகிறவருக்கு வாடகைக்கு வீடு கிடையாது. அதற்கு முன்னால் பார்த்த வீடுகளிலும் வேறு வேறு வார்த்தைகளில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் தாமலில் இருக்கும் பெரியப்பா, கொண்டாந்து விடு, என் தம்பிதானே என்றார். ஏரிக்கரையில் ஒற்றை அறை வீடு. அங்கேயும் ஆறு பேர். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். உற்சவம் முடியிற வரைக்கும்தான்பா, அப்புறம் வந்துடலாம் என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார். பிடி என்று சொல்ல முடியாது, மேலே வைத்தார்.

"உசுரோட என்னை எடுத்துக்கினு போவாதம்மா. செத்தப்புறம் எங்க வேணா போட்டுக்கோ. ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பெரியப்பா வீடுதானேப்பா."

"அது அவன் ஊடு."

வண்டி மறுநாள் மதியம் வந்தது. விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்து மேனேஜர் வரச் சொல்லியிருந்தார். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கம் ஓட்டுநர், மறுபக்கம் எங்கள் எலக்ட்ரீஷியன். அம்மா துணிமூட்டையோடு பின்னால் வந்தாள். அறையிலிருந்து வீட்டுக்குள் போகும் பாதை கதவுச் சுவரை ஒட்டிப் போனது. அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். பாதி தூரம் போனதும் அவர் கை எழுந்தது. ஒரு கதவின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஓட்டுநர் ஓரடி நகர்ந்தார், ஸ்ட்ரெச்சர் கோணியது. அம்மா விரல்களை விடுவிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆர்ட் மேடம் அன்றைக்கு வந்திருந்தார். அய்யய்யோ அந்த வளையம், பழைய ஆணி என்று ஓடி வந்தவர், கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கதவு பக்கத்திலேயே, தொடாதீர்கள் என்று அவரே எழுதி வைத்த சின்னப் பலகை இருந்தது.

அப்பா என்னைத்தான் பார்த்தார். "இதாம்மா என் வாசலு," என்றார். "தொற."

அவர் சொன்னது சரி. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் எங்கள் பின்வாசல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க நடந்த தூரம். நான் கதவைப் பிடித்து இழுத்தேன். திறக்காது என்று எனக்குத் தெரியும். பின்னால் ஒன்பது அங்குலச் செங்கல். அதைப் பூசியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இருந்தாலும் எல்லோர் முன்னாலும் இழுத்தேன்.

அவரைத் திரும்பக் கொண்டுபோய் கட்டிலில் விட்டோம். வண்டியை அனுப்பிவிட்டேன். மேனேஜர் தூரத்தில் நின்றிருந்தார். தெருவில் பந்தல் போட மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு சாரைப் பார்க்கப் போனேன். தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்துக்குக் கோயிலில் தீர்த்த மரியாதை உண்டு. தெருவில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று கேட்க வேண்டுமானால் அவரிடம்தான் கேட்பார்கள். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. விதிவிலக்கு ஏதாவது உண்டா, ஒரு தடவைக்கு மட்டும், அப்படி ஏதோ. கேட்டில் நின்று சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கொட்டகை ரூம் தெருவில சேத்தியே இல்லியே," என்றார். "உங்க தாத்தா போனது நேக்கு நன்னா ஞாபகமிருக்கு. உற்சவ சமயம்தான். பெருமாள் பாட்டுக்கு எழுந்தருளினார். யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"இப்ப மட்டும் ஏன் சார் சொல்றாங்க?"

"இப்பதான் சுவர இடிச்சு ஒண்ணாக்கிட்டாளே. ஒரே வளாகம், ஒரே வாசல். பொணம் முன்வாசல் வழியாத்தானே வந்தாகணும்? அப்போ தெருவில சேந்துடறது." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "தப்பா நெனச்சுக்காதேம்மா, வாய் தவறிடுத்து."

பரவாயில்லை சார் என்றேன். பிறகு கேட்டேன்.

"சுவர மறுபடி வெச்சு, பின்வாசலத் தொறந்துட்டா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்போ சேத்தி இல்லை," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்து எழுத முடியாது. சேத்தி இல்லை என்ற ஒரே சொல்லுக்காகத்தான் நான் அத்தனை நாள் அலைந்திருக்கிறேன் என்று தோன்றியது. தெருவைக் கடந்து வருவதற்குள் அந்த நிம்மதி எனக்கே பிடிக்காமல் போனது. ஆனால் அதற்குள் மனம் வேலையைத் தொடங்கிவிட்டது. ஹாலோ பிளாக். மணல். பின்வாசலின் அகலம், சவப்பெட்டி போகும் அளவுக்கு. முதலில் அந்தக் கதவை இறக்க வேண்டும்.

மேனேஜரிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். எங்கள் அறையையும் பின்வாசல் இருந்த மூலையையும் சேர்த்து, பழைய சுவர் போன வழியிலேயே ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஹோட்டல் இல்லை. நாங்கள் சந்து வழியாக வந்து போவோம். எதிர்வீட்டு சார் வந்து பார்த்துச் சொல்வார். மேனேஜர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், நீங்களே…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முதலாளிக்குப் போன் போட்டார். சார் சரி என்றால் தனக்கும் சரி என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆர்ட் மேடம் மட்டும், இறக்குகிற கதவுகளை என்ன செய்வது என்று கவலைப்பட்டார். புதுச் சுவரில் மாட்டலாம் மேடம், இந்தப் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும் என்று நானே சொன்னேன்.

தோண்டியபோது பழைய அஸ்திவாரம் அப்படியே இருந்தது. இடித்தபோது தரைக்கு மேலே இருந்ததைத்தான் எடுத்திருந்தோம். கருங்கல் ஒன்றுகூட அசையவில்லை. கொத்தனார் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, வேலை மிச்சம் மேடம் என்றார். அதன் மேலேயே நூல் பிடித்தோம்.

அப்பாவுக்கு முதல் நாளே சத்தம் கேட்டுவிட்டது.

"இன்னாமா நடக்குது வெளிய?"

"சுவரு வெக்கிறாங்கப்பா."

"எங்க?"

"பழைய எடத்துலயே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கரண்டியால் பிளாக்கைத் தட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. "யாரு வெக்கச் சொன்னது?"

"நான்தான்பா."

அப்பா சிரித்தார். இருமலாகத்தான் வந்தது, ஆனால் சிரிப்புதான். "இடிச்சதுக்கு லட்டு வாங்கிக் குடுத்தேன். இதுக்கு இன்னா வாங்கிக் குடுக்கறது?"

அம்மா ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நேரா கட்டச் சொல்லு," என்றார். "பழசு கோணலா இருந்துது."

பின்வாசலை உடைத்த அன்று சந்திலிருந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். படுத்தபடியே அவருக்குச் சந்து தெரியும். ஐஸ் விற்கிறவர், சைக்கிள், நாய். யாராவது எட்டிப் பார்த்தால் அப்பா கையை அசைப்பார். எதிர்வீட்டு சார் ஹோட்டல் பக்கமாக வந்து, ஈரம் காயாத சுவரைத் தொட்டுப் பார்த்தார். இது போதும் என்றார். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொடியேற்றத்துக்குள் அந்தப் பக்கம் பூசி முடித்துக் கதவுகளை மாட்டிவிட்டோம். எங்கள் பக்கம் பூச நேரமில்லை. இடுக்குகளில் கலவை பிதுங்கியபடியே நின்றது.

கருட சேவை அன்று ஹோட்டலில் நிற்க இடமில்லை. ஜெனரேட்டர், மாடி எத்தனை பேரைத் தாங்கும், வாசலில் விளக்கு வரிசை என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். நடுநடுவே தெருவைச் சுற்றிச் சந்துக்குப் போய் அப்பா மூச்சைப் பார்த்துவிட்டு வருவேன். முன்பெல்லாம் தோட்டத்தைத் தாண்டினால் அறை. இப்போது சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தூரத்தை நான்தான் உண்டாக்கியிருந்தேன். அதில் தினமும் ஓடினேன். கருட சேவை தாண்டியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்பா அன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி குடித்தார்.

யானை வாகனத்தன்று மாலை, தூரத்தில் மேளம் கேட்க ஆரம்பித்த நேரம். நான் அறைக்குள் இருந்தேன். அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. அம்மா தேய்ப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்கு முன்னால் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. தலைப்புக்குள்ளிருந்து கேட்டாள்.

"அழலாமாடி?"

வாசலில் பெருமாள் நெருங்கிக்கொண்டிருந்தார். வேதம் ஓதுகிறவர்களின் குரல் சுவருக்கு மேலாக வந்தது. அவள் என்னிடம் அனுமதி கேட்டாள், நான் ஹோட்டல் ஆள் என்பதால்.

"அழலாம்மா," என்றேன். "சுவரு இருக்குது."

அம்மா அழுதாள். எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக. அந்தப் பக்கம் மேளம் நிற்கவில்லை. பெருமாள் எங்கள் வீட்டு வாசலில், ஹோட்டல் வாசலில், வழக்கமான நேரம் நின்றார். மரியாதையை ஏற்றுக்கொண்டார். நகர்ந்தார். எதுவும் நிற்கவில்லை. நான் கட்டியது சரியாக வேலை செய்தது.

மறுநாள் பின்வாசல் வழியாகப் பெட்டியை எடுத்தோம். அகலம் சரியாக இருந்தது. தாமல் பெரியப்பா, சர்ச்சிலிருந்து சிலர், ஓட்டுநர், எலக்ட்ரீஷியன், வரவேற்பில் இருக்கும் பெண். மேனேஜர் மாலை அனுப்பினார். பிறகு அவரே சந்து வழியாக வந்து, கல்லறைத் தோட்டம்வரை நடந்தார்.

உற்சவம் முடிந்த பிறகு ஒரு காலையில் எதிர்வீட்டு சார் சந்து வழியாக வந்தார். அவர் அந்தச் சந்துக்குள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியிலேயே நின்றார். அம்மா அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தயங்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"தெரியவே இல்லியேம்மா. ஒரு சத்தம் கேக்கலை. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா புறப்பாடு நின்னிருக்குமா சார்?"

"இல்லம்மா," என்றார். "நின்னிருக்காது."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். எதிரில் பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் பூசலியா என்று கேட்டார். சீக்கிரம் எடுத்துவிடுவோம் என்றுதான் பூசவில்லை சார் என்றேன்.

இன்னும் எடுக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டேன். தங்குகிறவர்களுக்கு அந்தச் சுவர் பிடித்திருக்கிறது, சீசன் முடியட்டும் மேடம் என்கிறார். முதலாளியிடம் கேட்டால் ஆர்ட் மேடத்தைக் கேளுங்கள் என்கிறார். ஒவ்வொரு மாதமும் பராமரிப்பு வேலைகளை வரிசைப்படுத்தும்போது அதை முதலில் எழுதுகிறேன். அடுத்த மாதமும் அது முதலிலேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை கதவுகளுக்கு எண்ணெய் பூச ஆள் விடுவதும் என் வேலை. பூசும்போது அருகில் நிற்பேன். அப்பா பிடித்த வளையம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆணி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கச் சொல்லவில்லை.

அம்மா அறையைவிட்டு வரமாட்டேன் என்கிறாள். சாயங்காலம் நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு உட்காருகிறாள். அந்தப் பக்கம் யாராவது வளையத்தைப் பிடித்துத் தட்டினால் பிளாக் வழியாகச் சத்தம் வருகிறது. அது யார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிச் சொல்கிறாள்.

"யாரோ தட்டறாங்க பாரு."

நான் எழுந்து பின்வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.